அத்தியாயம் 5: மழை விழுந்த பிரிண்ட்டுக்கு என்ன விலை கேட்கலாம்?

கோடு விழுந்த, ஒட்டுப் போட்ட, ஓரத் துளைகள் கிழிந்த ஒரு பழைய ஹாலிவுட் பிரிண்ட் இணைய ஏலத்துக்கு வருகிறது. ஒரு வாரம் முழுக்கச் சீண்டுவாரில்லை. கடைசி ஐந்து நிமிடங்களில் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். விலை மடமடவென்று ஏறி, நல்ல நிலையிலுள்ள பிரிண்ட்டின் விலையையே எட்டிவிடுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஃபிலிம் சேகரிப்பவர்களிடையே இது இப்போது அடிக்கடி நடக்கிறது. வென்றவர் பெட்டியைத் திறந்த அன்றே தான் எதை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்.

அந்த அறிவு பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம். படத்தின் பெயருக்கு விலை கொடுக்காதீர்கள். அந்தச் சுருளில் இன்று மிச்சமிருக்கும் காட்சிக்கும் ஒலிக்கும் நிறத்துக்கும் விலை கொடுங்கள். இங்கே சொல்லப்படும் மற்ற எல்லாமே இந்த ஒரு விதியின் விரிவுதான்.

விலை ஏன் ஏறுகிறது?

முதல் காரணம், புதிதாக வருவது அநேகமாக நின்றுபோனது. ஃபியூஜி நிறுவனம் 2013இல் திரைப்பட ஃபிலிம் தயாரிப்பை அநேகமாக முழுவதும் நிறுத்தியது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 35 மி.மீ. பிரிண்ட் அனுப்புவதைக் கைவிட்ட முதல் பெரிய ஸ்டுடியோ பாரமவுண்ட். அது 2014 தொடக்கத்தில் வெளியான செய்தி. அதற்கு முன்பும் ஓட்டம் முடிந்த பிரிண்ட்களைத் திரும்ப வாங்கி அழிப்பதுதான் ஸ்டுடியோக்களின் வழக்கம். சேகரிப்பாளர் கைக்கு வந்தவை அந்த அழிவிலிருந்து ஏதோ ஒரு வழியில் தப்பியவை.

இரண்டாவது, 16 மி.மீ. ஊற்று வற்றியது. கோடக் 1923இல் அறிமுகப்படுத்திய இந்த அளவில்தான் பள்ளிகளும் நூலகங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் பல பத்தாண்டுகள் படம் ஓட்டின. வீடியோ கேசட் வந்ததும் அவை பிரிண்ட்களை மொத்தமாகக் கழித்துக்கட்டின. மலிவாகக் கிடைத்த அந்தக் காலம் முடிந்துவிட்டது. அன்று வாங்கியவர்களின் பெட்டிகளில் வேதிச் சிதைவு இன்றும் நடந்துகொண்டிருப்பதால், நல்ல பிரிண்ட்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

மூன்றாவது காரணம் புதியது: ஸ்கேனர். உயர்தர ஸ்கேனர்கள் தனி ஆட்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்தபின், திரையில் ஓட்ட முடியாத பிரிண்ட்டுக்கும் ஒரு பயன் பிறந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1977இல் வெளிவந்த படத்தை ஜார்ஜ் லூகாஸ் 1997இல் மாற்றங்களோடு மறுபடி வெளியிட்டார்; அதற்குப்பின் மாற்றிய வடிவமே பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தது. முதல் வெளியீட்டின் வெட்டும் நிறமும் எப்படி இருந்தன என்பதற்கு அந்தக் காலத்து 35 மி.மீ. பிரிண்ட்களே சாட்சி. ரசிகர் குழுக்கள் அவற்றைத் தேடி வாங்கி, ஸ்கேன் செய்து, கட்டம் கட்டமாகச் சுத்தம் செய்தன. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2025 ஜூனில் நடத்திய ஃபிலிம் விழாவின் தொடக்க நாளில் தன் காப்பகத்திலிருந்த 1977ஆம் ஆண்டு பிரிண்ட்டையே திரையிட்டது.

ஆகவே தேய்ந்த பிரிண்ட்டுக்கு விலை ஏறுவதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஏறும் விலை எல்லாம் நியாயமானதும் அல்ல. எந்தத் தேய்மானம் பொறுக்கத்தக்கது, எது பிரிண்ட்டின் உயிரையே தின்கிறது என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கே இந்தச் சந்தை ஏற்றது.

முதலில் ஒரு முடிவு: எதற்காக வாங்குகிறீர்கள்?

நோக்கம் மூன்றில் ஒன்றாக இருக்கும். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பது; ஸ்கேன் செய்து டிஜிட்டலாக மீட்பது; அரிய பொருளாகப் பாதுகாப்பது. ஓட்டுபவருக்கு ஓரத் துளைகளும் சுருக்கமும் முக்கியம். ஸ்கேன் செய்பவருக்குத் துளை கிழிந்திருப்பது அவ்வளவு பெரிய குறையல்ல, ஏனெனில் பல்சக்கரம் இல்லாமல் ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. அவருக்குக் காட்சி முழுமையாக இருக்க வேண்டும். பாதுகாப்பவருக்கு இந்தப் பிரதி எந்தத் தலைமுறை, வேறு எங்கும் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒருவருக்கு வீணானது இன்னொருவருக்குப் பொக்கிஷம் என்பதால், உங்கள் நோக்கம் தெளிவாகாமல் ஏலத்தில் இறங்கவே கூடாது.

தேய்மானத்தைப் படிப்பது

*கோடுகள்.* எல்லாக் கோடும் ஒன்றல்ல. ஃபிலிமுக்கு இரண்டு பக்கம்: பளபளப்பான அடித்தளம், மங்கலான எமல்ஷன். அடித்தளத்தில் விழுந்த கீறல் திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். அங்கே படம் சேதமாகவில்லை, ஒளிதான் சிதறுகிறது. ஃபிலிமின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய திரவத்தில் அமிழ்த்தி ஸ்கேன் செய்யும் ‘வெட் கேட்’ முறையில் இந்தக் கீறல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். எமல்ஷன் கீறல் வேறு. வண்ண பிரிண்ட்டில் மேலே மஜெண்டா, நடுவே சயான், அடியில் மஞ்சள் என்று சாய அடுக்குகள் இருக்கின்றன. மேலடுக்கு மட்டும் போனால் கோடு பச்சையாகத் தெரியும்; இரண்டு போனால் மஞ்சள்; மூன்றும் போனால் வெள்ளை. பச்சைக் கோடு ஓடும் இடத்தில் படத்தின் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள். ‘மழை’ எனப்படும் இந்தக் கோடுகள் கறுப்பா பச்சையா என்று பார்த்தே விலையைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது வகையும் உண்டு: கையால் தடவினால் தட்டுப்படாத, ஆனால் திரையில் தெரிகிற கோடு. அது வேறொரு பிரிண்ட்டிலிருந்து படியெடுத்தபோது அங்கிருந்த கீறல் படமாகப் பதிந்தது. ஒட்டுகளின் நிழலும் அப்படியே பதிந்திருக்கும். இத்தகைய படிகளை ‘டூப்’ என்பார்கள். கூர்மை குறைந்து, வெளிச்சமும் இருளும் முரட்டுத்தனமாக இருக்கும். டூப்புக்கு மூலப் பிரிண்ட்டின் விலை கொடுக்கக் கூடாது.

*ஒட்டும் குறைந்த அடியும்.* ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒட்டுகள் இருப்பது இயல்பு. ஆபரேட்டர்களின் கை அங்கேதான் அதிகம் படும். காட்சியின் நடுவே ஒட்டு இருந்தால் ஏதோ அறுந்து போயிருக்கிறது. எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு: ஒலிப்படம் 35 மி.மீ.யில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ.யில் 36 அடி. 100 நிமிடப் படம் 16 மி.மீ.யில் 3,600 அடி இருக்க வேண்டும். விற்பவர் 3,450 அடி என்றால் ஏறத்தாழ நான்கு நிமிடம் இல்லை. தொலைக்காட்சிக்காகச் சுருக்கிய பிரிண்ட்டாகவும் இருக்கலாம். அகலத்திரைப் படமாக இருந்தால், இருபுறமும் வெட்டித் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு அடக்கிய வடிவமா என்றும் கேளுங்கள்.

*நிறம்.* 1950இல் வந்த ஈஸ்ட்மன்கலர் முறையில் அடித்த பழைய பிரிண்ட்களில் சயான் சாயம் முதலில் வெளிறும். படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்ற இயக்குநர்கள் 1980ஐ ஒட்டி இதற்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் கோடக் எல்பிபி (LPP) என்ற, எளிதில் வெளிறாத பிரிண்ட் ஃபிலிமைக் கொண்டுவந்தது. ஃபிலிமின் ஓரத்தில் இந்த எழுத்துகள் அச்சாகியிருக்கும். போன சாயம் எந்தக் கழுவலிலும் திரும்பி வராது.

இதற்கு நேர்மாறானது சாயம் ஒற்றி அச்சிட்ட டெக்னிகலர் பிரிண்ட். சேகரிப்பாளர்கள் இதை ‘ஐ.பி.’ (IB) என்பார்கள். மூன்று சாயங்களையும் தனித்தனியே ஃபிலிமின்மேல் ஒற்றியெடுத்த இந்த பிரிண்ட்களின் நிறம் அரை நூற்றாண்டு கடந்தும் பெரிதும் மங்கவில்லை. அமெரிக்காவில் இந்த முறை 1970களின் நடுவில் நின்றது. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் (1974) அங்கே இவ்வாறு அச்சான கடைசிப் படங்களுள் ஒன்று. லண்டன் ஆய்வகம் 1978 வரை செய்தது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் திரையிட்டதாக முன்னர் சொன்ன ‘ஸ்டார் வார்ஸ்’ பிரிண்ட் அத்தகையது. கோடு நிறைந்த ஐ.பி. பிரிண்ட்கூட, கோடே இல்லாத சிவந்த ஈஸ்ட்மன் பிரிண்ட்டைவிட மேலானது.

ஏமாற்றம் நடப்பதும் இங்கேதான். திரையில் டெக்னிகலர் என்று பெயர் வருவதை வைத்து நம்பிவிடாதீர்கள். அதே ஆய்வகம் ஈஸ்ட்மன் பிரிண்ட்களையும் அடித்தது. ஐ.பி. பிரிண்ட்டின் ஒலித்தடம் வெள்ளியால் ஆனது, அதனால் சாயம் கலவாத கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். வெள்ளைப் பின்னணியில் ஃபிலிமை வைத்து, ஓரமும் ஒலித்தடமும் தெரிய எடுத்த புகைப்படம் கேளுங்கள். தர மறுத்தால் ஈஸ்ட்மன் என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள்.

*வினிகர் வாடை.* அசிடேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் வேகம் தானாகவே பெருகிக்கொண்டு போகும். ஃபிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் எமல்ஷன் உரிந்துவரும். ஓரத்தில் காந்த ஒலித்தடம் பூசிய ஃபிலிமில் இரும்பு ஆக்சைடு இதைத் தூண்டுவதால் கூடுதல் கவனம் வேண்டும். வினிகர் வந்த பிரிண்ட்டை ஓட்டுவதற்காக வாங்காதீர்கள். ஸ்கேன் செய்வதற்கு வாங்கினால், உடனே செய்யும் ஏற்பாடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். 1990களின் நடுப்பகுதிக்குப்பின் பரவலான பாலியெஸ்டர் பிரிண்ட்களுக்கு இந்த நோய் இல்லை. ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் பாலியெஸ்டர் ஒளியை ஊடுருவ விடும். அசிடேட் இருண்டு நிற்கும்.

*சுருக்கம்.* ஒரு புதிய ஃபிலிம் துண்டையும் இந்த பிரிண்ட்டையும் அருகருகே வைத்து நூறு துளைகள் எண்ணுங்கள். நூறாவது துளையில் ஒரு துளை அளவு பின்தங்கியிருந்தால் சுருக்கம் ஒரு சதவீதம். அந்த அளவை நெருங்கிய ஃபிலிமைச் சாதாரண புரொஜெக்டரில் ஏற்றினால் துளைகள் கிழியும்.

*நைட்ரேட்.* 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் அச்சாயின. இது தீப்பற்றினால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருவதால் சாதாரண அஞ்சலில் அனுப்பக் கூடாது. வீட்டில் வைக்கவே வேண்டாம். இதை ஏலத்தில் பார்த்தால் கேட்புத்தொகை போடுவதைவிட ஒரு காப்பகத்துக்குத் தகவல் சொல்வதே சரி.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ஏலம் முடியும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இவற்றை எழுதிக் கேளுங்கள்:

1. மொத்த அடி எவ்வளவு, எத்தனை ரீல்? எல்லா ரீலும் ஒரே பிரிண்ட்டைச் சேர்ந்தவையா?
2. தலைப்பும் முடிவும் இருக்கின்றனவா?
3. வினிகர் வாடை உண்டா? ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து முகர்ந்து பார்த்தீர்களா?
4. கோடுகள் கறுப்பா, பச்சையா? எந்த ரீலில், ஏறத்தாழ எவ்வளவு தூரம்?
5. ஓரத்தில் அச்சாகியுள்ள எழுத்துகளும் குறிகளும் என்ன?
6. கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? எந்த புரொஜெக்டரில்?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு விளக்கம். கோடக் தன் ஃபிலிம் தயாரான ஆண்டை வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளால் ஓரத்தில் அச்சிட்டது. இந்தக் குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். படம் வெளியான ஆண்டோடு குறி பொருந்தினால் முதல் வெளியீட்டு பிரிண்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். டூப் எடுக்கும்போது பழைய குறியும் சேர்ந்து பதியலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

“பழையதுதான், ஆனால் ஓடும்” என்ற அளவில் மட்டும் பதில் வந்தால் அது பதிலே அல்ல.

உச்ச வரம்பு போடுவது

முதலில் அதே படத்தின் பிரிண்ட்கள் உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். விற்பவர் சொல்லும் விலை ஆசை. விற்று முடிந்த விலையே சந்தை. அதிலும் ஒரே ஒரு விற்பனையை நம்பாதீர்கள். ஏலத்தில் ஒரு விலையை உண்டாக்க இரண்டு பிடிவாதக்காரர்கள் போதும். அவர்களில் ஒருவர் வாங்கிவிட்டார் என்றால் அடுத்த முறை அந்தப் போட்டி இருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு. நல்ல நிலையிலுள்ள 16 மி.மீ. பிரிண்ட் அண்மையில் 60,000 ரூபாய் அளவில் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலத்துக்கு வந்திருப்பதில் நான்கு நிமிடம் இல்லை, அடித்தளக் கோடுகள் நிறைய. உங்கள் நோக்கம் ஓட்டிப் பார்ப்பது. இந்தக் குறைகளுக்கு 15,000 கழித்தால் 45,000. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செலவும் சுங்கமும் 9,000. சுத்தம் செய்யவும் ரீலின் முனைகளில் புதிய லீடர் (வெற்று ஃபிலிம்) போடவும் 4,000. மிஞ்சுவது 32,000. இதுதான் உங்கள் உச்சம். பலரும் 45,000 என்ற இடத்தில் நின்றுவிட்டுப் பிற்பாடு வரும் செலவுகளில் திணறுகிறார்கள். 35 மி.மீ. என்றால் அனுப்பும் செலவே பெரிய தலைவலி: 100 நிமிடப் படத்தின் ஃபிலிம் மட்டுமே 20 கிலோ அளவில் இருக்கும், ரீலும் பெட்டியும் தனி. இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்க விதிகளைச் சரக்கு முகவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏல நிறுவனங்களில் வாங்கினால், கேட்புத்தொகைக்கு மேல் வாங்குபவரிடம் தனியாக ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அதையும் கழியுங்கள்.

வரம்பை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏலத்தின் நடுவே அதை மாற்றக் கூடாது.

ஏல நேரத்தில்

முன்கூட்டியே சிறுகச் சிறுக ஏற்றுவதால் நன்மை இல்லை. உங்கள் ஆர்வத்தை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் மிச்சம். பெரும்பாலான தளங்களில் உச்சத் தொகையை ஒருமுறை பதிந்தால், போட்டியாளரைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே ஏற்றிக்கொண்டு போகும். கடைசிக் கட்டத்தில் உங்கள் உச்சத்தை ஒரே முறை பதிந்துவிட்டு விலகிவிடுங்கள். தோற்றால் வருந்த வேண்டாம். மிகப் புகழ்பெற்ற படங்களின் பிரிண்ட்கள் மறுபடியும் சந்தைக்கு வரும்; நிறைய அச்சடித்ததால்தான் அவை இவ்வளவு பேர் கையில் இருக்கின்றன.

பெரிய பெயர்களுக்காக எல்லாரும் முட்டிக்கொள்ளும்போது, பெயர் தெரியாத செய்திச் சுருள்களும் குறும்படங்களும் கல்விப் படங்களும் மலிவாகப் போகின்றன. அரியவை அங்கேதான் கிடக்கின்றன. கெவின் பிரவுன்லோ 1954இல் பள்ளி மாணவராக இருந்தபோது ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ (1927) படத்தின் சில சுருள்களை வீட்டு உபயோகத்துக்கான 9.5 மி.மீ. அளவில் வாங்கினார். அந்தச் சின்னச் சுருள்கள் தொடங்கிவைத்த தேடல்தான் படத்தின் மறுமீட்பாக வளர்ந்து, 1980இல் லண்டனில் முழு இசைக்குழுவோடு திரையேறியது.

பெட்டி வீட்டுக்கு வந்ததும்

உடனே புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஏ-டி பட்டை எனப்படும் சோதனைக் காகிதத்தை மூடிய பெட்டிக்குள் ஒரு நாள் வையுங்கள். நீலமாகவே இருந்தால் நலம், பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது, மஞ்சளானால் முற்றிவிட்டது. நோயுற்ற ரீலை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. பிறகு கையால் சுற்றும் ரீவைண்டரில், பஞ்சுக் கையுறையோடு ஓரத்தைப் பிடித்தபடி முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கிழிந்த துளைகளையும் பழைய ஒட்டுகளையும் சரிசெய்யுங்கள். விற்பவரின் விவரிப்போடு பொருந்தாத எதையும் அன்றே புகைப்படம் எடுத்து அனுப்புங்கள்.

வெப்பமும் ஈரமும் கூடக் கூட வினிகர் நோய் விரைவாகும். நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் தாங்கிய பிரிண்ட்டைச் சென்னைக் கடற்காற்றில் மொட்டைமாடி அறையில் வைத்தால் நிலைக்காது. வீட்டின் குளிர்ந்த அறையில், ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே நிற்குமாறு ஈரமுறிஞ்சிக் கருவி வைத்து, துருப்பிடித்த தகரப் பெட்டியிலிருந்து காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். இந்தச் செலவுக்கு வழியில்லாதவர் அசிடேட் பிரிண்ட் வாங்காமலிருப்பதே அந்தப் படத்துக்குச் செய்யும் நன்மை.

உடைமையும் பொறுப்பும்

பிரிண்ட் உங்களுடையது, படத்தின் காப்புரிமை உங்களுடையதல்ல. பொதுத் திரையிடலுக்கும் ஸ்கேன் செய்ததைப் பரப்புவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1974 டிசம்பரில் நடிகர் ரோடி மெக்டோவலின் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனையிட்டு அவருடைய ஃபிலிம் சேகரிப்பைப் பறிமுதல் செய்தது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் அஞ்சி ஒளிந்தே வாழ்ந்தார்கள். இன்று அந்தக் கெடுபிடி தளர்ந்திருக்கிறது, சட்டம் மாறிவிடவில்லை.

உங்கள் கையில் இருப்பது வேறெங்கும் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் காணாமல்போயிருந்த ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் 2008இல் புவெனஸ் ஐரஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கண்டறியப்பட்டன. ஒரு சேகரிப்பாளரின் நைட்ரேட் பிரிண்ட்டிலிருந்து எடுத்த அந்தப் பிரதி முழுக்கக் கீறல். 2010இல் மீட்ட வடிவத்திலும் அந்தக் கீறல்கள் தெரிகின்றன. ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ (1927) நியூசிலாந்தில் ஓர் ஆபரேட்டரின் சேகரிப்பிலிருந்து வெளிவந்தது.

தமிழில் இந்த இழப்பு இன்னும் ஆழமானது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. ஆகவே பழைய தமிழ்ப் படத்தின் ஒரே ஒரு ரீல் உங்கள் கண்ணில் பட்டாலும், இந்த அத்தியாயத்தில் சொன்ன கழிவுக் கணக்கு எதையும் அதற்குப் போடாதீர்கள். நைட்ரேட்டாக இருந்தால் மட்டும் முன்பு சொன்னபடி நேரே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்; மற்றபடி கோடு எத்தனை இருந்தாலும், நிறம் போயிருந்தாலும், தலைப்பே இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். ஓட்டிப் பார்க்காமல், ஓரக்குறிகளையும் சில கட்டங்களையும் புகைப்படம் எடுத்து, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். உங்களுக்குச் சொந்தமான பொருளை ஒரு காப்பகம் ஸ்கேன் செய்ய அனுமதிப்பதால் உங்கள் உடைமை போய்விடாது. அந்த ஸ்கேன் இருக்கும்வரை அந்தப் படம் உங்கள் ஒரு பெட்டியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.